பேச்சுத்துணை இல்லாத மகளும் ஒரு தெருநாயும்: தடுப்பதா, விடுவதா?

கடைசிப்பெஞ்சு:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு ஒன்பது வயது. பள்ளி ஆண்டு பாதி ஓடிய பிறகு வீடு மாற வேண்டியதாகிவிட்டது. யார் யாரோடு உட்காருவது, யார் யாரோடு சாப்பிடுவது என்பதெல்லாம் முடிவாகிவிட்ட வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். இயல்பிலேயே அதிகம் பேச மாட்டாள், இப்போது கேட்டதற்குத் தலையாட்டுவதோடு சரி. "இன்றைக்கு யாரோடு விளையாடினாய்?" என்றால் "யாரும் இல்லை" என்பாள். அதை வருத்தமாகக்கூடச் சொல்ல மாட்டாள், மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொல்வாள். எங்களுக்கு அதுதான் உறுத்துகிறது.

எதிரே பாதி கட்டி நிற்கும் வீட்டின் மணல் குவியல் மேல் ஒரு செவலை நாய் உட்கார்ந்திருக்கும். ஒரு காது மடிந்தது. வேலை நடப்பதை அதுதான் மேற்பார்வை பார்க்கிறது என்று இவள் வைத்த பெயர் மேஸ்திரி. மாலையில் பள்ளிப் பையை இறக்கியதும் அங்கே போய்விடுகிறாள். அதன் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் வாசிக்கிறாள், வகுப்பில் நடந்ததைச் சொல்கிறாள், யாரோ ஒரு டீச்சர் மாதிரி நடித்துக் காட்டுகிறாள். எங்களிடம் ஒரு வாரத்தில் பேசுவதை அதனிடம் ஒரே மாலையில் பேசிவிடுகிறாள். ஜன்னல் வழியாகக் கேட்டுத்தான் அவள் பள்ளியில் என்ன நடக்கிறது என்றே எங்களுக்குத் தெரிகிறது.

மனைவி உடனே நிறுத்தச் சொல்கிறாள். கடித்துவிட்டால் யார் பொறுப்பு என்கிறார் அம்மா. எனக்கு வேறு பயம். நாயோடு பழகிப் பழகி மனிதர்களே வேண்டாம் என்று ஆகிவிடுவாளோ? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நேர்கோடு:

முதலில் நாய்க்கு ஊசி. மற்றதெல்லாம் அப்புறம்.

மாட்டுவண்டி_டாக்டர்:

நேர்கோடு சொன்னதுதான் சரி, ஆனால் விவரமாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. நான் கால்நடை மருத்துவர், அதனால் பயமுறுத்தும் பகுதியை நானே முடித்துவிடுகிறேன்.

மனிதருக்கு வரும் ரேபிஸில், அதாவது வெறிநாய்க்கடி நோயில், 99 சதவீதம் நாய்கள் வழியாகத்தான் வருகிறது. அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். ரேபிஸ் சந்தேகம் உள்ள விலங்கிடம் கடிபடுவோரில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகள் குட்டையானவர்கள் என்பதால் கடி முகத்திலும் தலையிலும் விழுந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், திட்டு விழும் என்று பயந்து வீட்டில் சொல்லாமல் மறைத்துவிடுவார்கள். சின்னப் பல் பட்டதுதானே, ரத்தம்கூட வரவில்லையே என்று விட்ட பிள்ளைகளைத்தான் பிறகு காப்பாற்ற முடியாமல் போகிறது. அதனால் நான் சொல்லும் முதல் விதி உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும்: நாய் கடித்தாலோ பிராண்டினாலோ வந்து சொன்னால் உனக்குத் திட்டு கிடையாது என்று இன்றைக்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். "அந்த நாய்கிட்டே போகாதே" என்று தடை போட்டுவிட்டால் இந்தப் பேச்சுக்கே வழி இல்லாமல் போய்விடும். போகத்தான் போவாள், சொல்லத்தான் மாட்டாள்.

கடி பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், நம் உத்தேசத்தில் 15 நிமிடம் என்பது பெரும்பாலும் இரண்டு நிமிடம்தான். பிறகு நேரே மருத்துவமனை. கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வது உண்டு, அது நல்லதுதான், ஆனால் ஊசியைத் தொடங்காமல் பத்து நாள் காத்திருக்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. காயமில்லாத தோலை நாய் நக்கினால் ரேபிஸ் பயம் இல்லை, கையைக் கழுவினால் போதும். புண் மேலோ, வாயிலோ, கண்ணிலோ எச்சில் பட்டால் அது கடிக்குச் சமம், தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலைப் புரத ஊசி) தேவைப்படும். முழங்காலில் சிராய்ப்பு இருக்கும் நாட்களில் பிளாஸ்திரி ஒட்டி அனுப்புங்கள்.

நாய் மூன்று மாதம் தாண்டியதாக இருந்தால் ரேபிஸ் ஊசி போடலாம், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும். கூடவே குடற்புழு மருந்து, உண்ணிக்கும் சொறிக்கும் பார்த்துவிடுங்கள். தெருநாய்களோடு தினமும் பழகும் குழந்தைக்குக் கடி படுவதற்கு முன்பே போடும் தடுப்பூசியும் உண்டு, குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். அதைப் போட்டிருந்தாலும் கடித்தால் மறுபடி ஊசி தேவை, ஆனால் எண்ணிக்கை குறையும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது.

1885இல் விஞ்ஞானி லூயி பாஸ்டரின் ரேபிஸ் தடுப்பூசி காப்பாற்றியதாக உலகம் முழுக்கப் பேசப்பட்ட சிறுவனுக்கும் ஒன்பது வயதுதான். உங்கள் மகள் வயதைப் படித்ததும் நினைவுக்கு வந்தது.

இரண்டுபிள்ளைக்காரி:

எல்லாரும் நாய் பக்கம் சாய்வதற்கு முன்னால் ஒரு எதிர்க்குரலும் இருக்கட்டும். என் மூத்தவனைத் தெருநாய் கடித்திருக்கிறது. கன்னத்தில். அதுவும் பழகிய நாய், தெருவே செல்லம் கொடுத்த நாய். அது குட்டி போட்டிருந்தது எங்களுக்குத் தெரியாது, இவன் வழக்கம்போலக் குனிந்திருக்கிறான். அந்த நாய் மேல் எனக்குக் கோபம் இல்லை, தாய் அப்படித்தான் செய்யும். ஆனால் என் பிள்ளை மாதக்கணக்கில் தூக்கத்தில் அலறினான், இப்போதும் நாய் குரைத்தால் என் சேலையைப் பிடித்துக்கொள்கிறான்.

நான் கேட்பது இதுதான். உங்கள் குழந்தையின் தனிமைக்கு மருந்தாக நீங்கள் ஒரு நாயை அந்த இடத்திலேயே பழக்கி நிறுத்துகிறீர்கள். அது உங்கள் மகளிடம் சாதுவாக இருக்கும். சைக்கிளில் போகும் பையனிடம்? பயந்து ஓடும் குழந்தையிடம்? சாப்பாடும் செல்லமும் கிடைக்கும் இடத்தை நாய் தன் இடம் என்று காக்க ஆரம்பிக்கும். அதற்கு யார் பதில் சொல்வது? உங்களைக் குறை சொல்லவில்லை சகோ, ஒரு அம்மாவாகக் கேட்கிறேன்.

மாட்டுவண்டி_டாக்டர்:

நியாயமான கேள்வி மேடம். அதனால்தான் உணவு வைக்கும் இடம் வீட்டு வாசலோ, பிள்ளைகள் போகும் வழியோ, விளையாடும் இடமோ ஆகக் கூடாது. ஒதுக்குப்புறமாக, ஒரே நேரத்தில், பெரியவர் கையால் வைக்க வேண்டும், மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். குழந்தை உணவு கொடுக்க வேண்டாம். நட்புக்கு அது தேவையும் இல்லை, கீழே யாராவது கேட்டால் சொல்கிறேன். கருத்தடை செய்துவிட்டால் குட்டியைக் காக்கும் கோபம், துணைக்கான சண்டை இரண்டும் பெருமளவு போய்விடும். மற்ற மிரட்டல்கள் எல்லாமும் போய்விடும் என்று சொல்ல மாட்டேன்.

சாம்பல்நிலா:

குழந்தைகள் மனநலத்தில் வேலை செய்கிறேன். கடைசிப்பெஞ்சு, உங்கள் பயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

போரிஸ் லெவின்சன் என்று அமெரிக்காவில் ஒரு உளவியலாளர் இருந்தார். யாரிடமும் ஒட்டாத ஒரு குழந்தை ஒருநாள் குறித்த நேரத்துக்கு முன்பே அவர் அறைக்கு வந்துவிட்டது, அவருடைய நாய் ஜிங்கிள்ஸ் அங்கேயே இருந்தது. நாய் போய்க் குழந்தையை நக்க, குழந்தை அதைக் கட்டிக்கொள்ள, மறுபடியும் நாயோடு விளையாட வரலாமா என்று குழந்தையே கேட்டது. முதல் சில சந்திப்புகளில் அந்தக் குழந்தை நாயோடுதான் விளையாடியது, லெவின்சன் சும்மா இருந்தார். பிறகு மெல்ல அவரும் அந்த விளையாட்டுக்குள் வந்தார். 1960களின் தொடக்கத்தில் இதை அவர் சக உளவியலாளர்களிடம் சொன்னபோது சிலர் சிரித்தார்கள், நாய்க்கும் ஃபீஸில் பங்கு உண்டா என்று கேட்டார்களாம். சிகிச்சையில் விலங்குகளைச் சேர்ப்பதைப் பற்றிய பேச்சு பெரிதாகத் தொடங்கியது அவரால்தான்.

இந்தக் கதையில் நான் கவனிக்கச் சொல்வது நாயை அல்ல, நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதரை. அவர் நாயை வெளியேற்றவும் இல்லை, குழந்தையை நாயோடு விட்டுவிட்டுப் போகவும் இல்லை. கூடவே இருந்தார். நீங்கள் ஜன்னலில் நின்று கேட்கிறீர்கள் அல்லவா, அதை விட்டுவிட்டு வெளியே போய் உட்காருங்கள். எதுவும் கேட்க வேண்டாம். "மேஸ்திரி இன்றைக்கு என்ன சொல்லுது?" என்ற அளவில் போதும். "ஸ்கூல்லே என்ன நடந்தது?" என்று கேட்டால் வாய் மூடும் பல குழந்தைகள், நாய்க்கு என்ன சொன்னாய் என்று கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள்.

பெற்றோரிடம் பாதுகாப்பான பிணைப்பு அமையாத சிறுவர்களை வைத்து 2012இல் ஒரு ஆய்வு வந்தது. கூச்சம் தரும் பேச்சு, கணக்கு வேலைகளைக் கொடுத்தார்கள். சிலருக்குத் துணையாக உண்மையான நாய், சிலருக்கு அன்பான மனிதர், சிலருக்குப் பொம்மை நாய். மன அழுத்த ஹார்மோன் கார்ட்டிசால் குறைவாக இருந்தது நாய் பக்கத்தில் இருந்தவர்களுக்கு. அதிலும் யார் அதிகம் தடவிக்கொடுத்தார்களோ அவர்களுக்கு இன்னும் குறைவு. அன்பான மனிதர் தோற்றுப்போனது ஏன் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அன்பானவராக இருந்தாலும் மனிதர் நம்மை மதிப்பிடுவார் என்ற நினைப்பு குழந்தைக்கும் உண்டு.

ஒன்றை மட்டும் பாருங்கள். காலையில் வயிற்றுவலி, பள்ளி என்றாலே அழுகை, பொருட்கள் அடிக்கடி தொலைவது, தூக்கம் கெடுவது என்று ஏதாவது இருந்தால் வகுப்பில் யாரோ சீண்டுகிறார்கள் என்று அர்த்தம் இருக்கலாம். அதை நாய் தீர்க்காது. அதற்கு நீங்கள் பள்ளிக்குப் போக வேண்டும்.

மெல்லப்பேசு:

பொதுவாக இங்கே படித்துவிட்டுப் போகிறவன், இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே திக்கும். திக்குவாய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தனியாகப் பேசும்போதும், பாடும்போதும், கைக்குழந்தையிடமோ விலங்கிடமோ பேசும்போதும் திக்குவதில்லை, அல்லது மிகக் குறைவு. எனக்கு இதை யாரும் சொல்லித் தெரியவில்லை, பள்ளிக்குப் பின்னால் படுத்திருந்த ஒரு கறுப்பு நாயிடம் பேசித்தான் தெரிந்தது. அன்றுவரை என் வாயே கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனிடம் ஒரு முழு வாக்கியம் தடங்கல் இல்லாமல் வந்தபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நான் பேசி முடிக்கும்வரை அது பொறுமையாகக் கேட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் பாதி நேரம் தூங்கிவிடும். அதுவும் வசதியாகத்தான் இருந்தது.

பெரியவர்கள் ஒவ்வொருவரும் என்னைச் சரிசெய்வதற்காகவே என்னிடம் வந்தார்கள். மூச்சை இழுத்துப் பேசு, மெதுவாகப் பேசு, போய் அவர்களோடு விளையாடு. அந்த நாய்க்கு என்னைப் பற்றி எந்தத் திட்டமும் கிடையாது. வால் ஆட்டும், பக்கத்தில் சாயும், அவ்வளவுதான். நாயோடு பழகியதால் எனக்கு மனிதர்கள் வேண்டாம் என்று தோன்றியதே இல்லை. நாள் முழுக்க மனிதர்களிடம் வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு இடத்திலாவது பேசிப் பழக முடிந்தது.

என் முதல் மனித நண்பன் கிடைத்ததும் அதன் மூலமாகத்தான். அவனுக்கும் அந்த நாயைப் பிடிக்கும், ஆனால் பக்கத்தில் போகப் பயம். "கடிக்குமா?" என்று கேட்டான். "க-க-கடிக்காது" என்றேன். அவன் என் திக்கலைக் கவனிக்கவே இல்லை, நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இன்றுவரை நண்பன்.

கடைசிப்பெஞ்சு:

எல்லோருக்கும் நன்றி, மெல்லப்பேசு எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன், அவள் எதுவும் சொல்லவில்லை, ஆனால் போனை வாங்கி மறுபடி தானே படித்தாள்.

டாக்டர், ஒரு சந்தேகம். நேற்று நானும் போய் உட்கார்ந்தேன். மகள் மேஸ்திரியின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள், அது கொட்டாவி விடுகிறது, உதட்டை நக்கிக்கொள்கிறது, தலையைத் திருப்பிக்கொள்கிறது. "தூக்கம் வருது அதுக்கு" என்கிறாள். அப்படித்தானா?

மாட்டுவண்டி_டாக்டர்:

இல்லை, "விட்டுவிடு" என்று மரியாதையாகச் சொல்கிறது. நல்ல நாய், அதனால்தான் கொட்டாவியோடு நிற்கிறது. இதைக் கவனித்தீர்களே, பாதி வேலை முடிந்தது.

கட்டிப்பிடிப்பது நமக்கு அன்பு, நாய்க்குப் பெரும்பாலும் மாட்டிக்கொண்ட உணர்வு. நெருக்கடியில் நாய் முதலில் கொட்டாவி விடும், மூக்கையும் உதட்டையும் நக்கும், முகத்தைத் திருப்பும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். அப்புறம் உடம்பு விறைக்கும், காது பின்னால் போகும், உறுமும். கடைசியில்தான் கடி. திடீரென்று கடித்துவிட்டது என்று மக்கள் சொல்லும் கடிகளில் பல, இத்தனையும் சொல்லிப் பார்த்த பிறகு நடந்தவை. வாலாட்டினால் சந்தோஷம் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம், வாலை உயர்த்தி விறைப்பாக வேகமாக ஆட்டும் நாயிடம் போகக் கூடாது. நான்கைந்து வயதுப் பிள்ளைகள் பல்லைக் காட்டும் நாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறது என்று சொல்வதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஒன்பது வயதுக்குச் சொல்லித்தந்தால் நன்றாகவே புரியும்.

அவளுக்கு இப்படிச் சொல்லுங்கள். நாயிடம் நாம் போகக் கூடாது, அதை வரவிட வேண்டும். பக்கவாட்டில் உட்கார வேண்டும், முகத்தை முகத்தருகே கொண்டுபோகக் கூடாது. மார்பிலோ கழுத்தோரமோ கொஞ்சம் தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அது மறுபடி சாய்ந்தால் தொடரலாம், நகர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். தூங்கும் நாய், சாப்பிடும் நாய், குட்டியோடு இருக்கும் நாய், கூட்டமாக நிற்கும் நாய்கள், இவற்றின் பக்கமே போகக் கூடாது. வேறு நாய் துரத்தி வந்தால் ஓடாமல் மரம்போல நிற்க வேண்டும், கையைக் கட்டிக்கொண்டு கீழே பார்க்க வேண்டும்.

ஒரு குழந்தைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. எதிரில் இருப்பவருக்கு இப்போது நாம் வேண்டுமா வேண்டாமா என்று பார்த்து நடக்கக் கற்றுக்கொள்வாள்.

எதிர்க்கேள்வி:

ஆய்வு ஆய்வு என்று சொல்கிறீர்கள், அதெல்லாம் வீட்டில் குளிப்பாட்டி வளர்க்கும் நாய்க்கு. தெருநாய்க்கு வேண்டியது சோறு. சோறு போடுவதை நிறுத்திப்பாருங்கள், நட்பு எங்கே போகிறது என்று தெரியும். குழந்தையை ஏமாற்றாதீர்கள்.

மாட்டுவண்டி_டாக்டர்:

யாராவது கேட்பார்கள் என்று சொன்னேனே. தெருநாய்களை வைத்தே ஆய்வு இருக்கிறது. கொல்கத்தா ஐசர் என்ற அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருவிலேயே போய்ச் செய்தது, 2017இல் வெளிவந்தது. முன்பின் தெரியாத மனிதர் சில நாய்களுக்குத் திரும்பத் திரும்ப உணவு கொடுத்தார், சிலவற்றைத் தலையில் தடவிக்கொடுத்தார். கடைசியில் அந்த மனிதரிடம் அதிகம் நெருங்கி வந்தவை தடவல் பெற்றவைதான். 2020இல் அதே குழுவின் இன்னொரு ஆய்வில், மனிதர் கையால் சுட்டிக்காட்டிய கிண்ணத்தைத் தெருநாய்கள் தேடிப்போகுமா என்று பார்த்தார்கள். அருகே வந்தவற்றில் ஏறக்குறைய 80 சதவீதம் கை காட்டிய பக்கம் போயின. யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. ஆனால் கிட்டத்தட்டப் பாதி நாய்கள் அருகிலேயே வரவில்லை, பயம்.

அந்தப் பயத்தை யார் கொடுத்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தெரியாத நாயைத் தடவக் கிளம்ப வேண்டாம், அந்த ஆய்வாளர்கள் அதற்கென்று பழகியவர்கள்.

எதிர்க்கேள்வி:

சரி, ஒத்துக்கொள்கிறேன். பாதி.

சாக்பீஸ்:

ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வகுப்பில் தனியாக இருக்கும் பிள்ளைக்கு நாங்கள் வழக்கமாகச் செய்வது "இவளையும் சேர்த்துக்கோங்க" என்று நாலு பேரிடம் சொல்வது. அது ஒரு இடைவேளைக்குத் தாங்கும், மறுநாள் அந்த நாலு பேரும் கடமை முடிந்த முகத்தோடு போய்விடுவார்கள். பிள்ளைகளுக்கு நட்பு எதிரெதிரே உட்கார்ந்து பேசி வருவதில்லை. இருவரும் சேர்ந்து வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் வருகிறது. மெல்லப்பேசுவின் நண்பன் கதையிலும் அதுதான் நடந்தது.

சக்கர நாற்காலியில் போகும் குழந்தைகளை வைத்து 1989இல் ஒரு ஆய்வு வந்தது. உதவி நாய் கூட இருந்தபோது மற்றவர்கள் அந்தக் குழந்தைகளைப் பார்த்துச் சிரித்ததும் பேசியதும் கூடியது. நாய் இல்லாதபோது அதே குழந்தையைத் தாண்டி அவர்களின் பார்வை போய்விட்டது. 2000இல் வந்த இன்னொன்றில் நாயோடு நடப்பவர் அழுக்குச் சட்டை போட்டிருந்தாலும் தெரியாதவர்கள் நின்று பேசினார்கள்.

அதனால் உங்கள் மகளை யாரிடமும் போய்ப் பேசச் சொல்லாதீர்கள். நாயைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததை மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு வாய்ப்பு வரட்டும். டாக்டர் சொன்ன கொட்டாவி விஷயம் ஒன்று போதும், பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். இன்னொன்று: நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகத் தெரியும். புல்லில் கிடக்கும் சிவப்புப் பந்தை நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பது அதற்குக் கஷ்டம், நீலப் பந்து உடனே தெரியும். இரண்டு பந்துகளைக் கொடுத்து எதை முதலில் எடுக்கிறது என்று சோதிக்கச் சொல்லுங்கள். மோப்பத்திலேயே எடுத்துவிட்டது, இந்தச் சோதனை செல்லாது என்று பிள்ளைகளுக்குள் தகராறு வரும். நமக்கு அந்தத் தகராறுதான் வேண்டும்.

நேர்கோடு:

யாரும் கேட்காததை நான் கேட்டுவிடுகிறேன். ஒருநாள் அந்த நாய் காணாமல் போனால்?

சாம்பல்நிலா:

நல்லவேளை கேட்டீர்கள். தெருநாயின் வாழ்க்கை நிச்சயமில்லாதது. டாக்டர் சொன்ன அதே குழு குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் எழுதியது: ஏழு மாத வயதை எட்டியவை 19 சதவீதம்தான், இறப்புகளில் 63 சதவீதத்துக்கு ஏதோ ஒரு வகையில் மனிதர்கள் காரணம். மேஸ்திரி வளர்ந்த நாய், அந்தக் கண்டத்தைத் தாண்டி வந்தது, ஆனாலும் வண்டி இருக்கிறது, நோய் இருக்கிறது.

அப்படி நடந்தால் "ஊருக்குப் போயிருக்கு", "நல்ல வீட்டில் இருக்கு" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்குச் சாவு என்றால் திரும்பி வராது என்பது தெரியும். பொய் என்று பின்னால் தெரிந்தால் நாயோடு உங்கள் மேலுள்ள நம்பிக்கையும் போகும். உடனே வேறு நாய் கொண்டுவரவும் வேண்டாம். அழட்டும், கூட உட்காருங்கள். இழக்க நேரிடும் என்பதற்காக ஒரு நட்பையே தடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படிப் பார்த்தால் பாட்டி தாத்தாவிடமும் பழகவிட முடியாது.

எதிர்க்கேள்வி:

அப்படியானால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வளர்த்துவிடலாமே. இவ்வளவு விவாதம் எதற்கு?

மாட்டுவண்டி_டாக்டர்:

வளர்க்கலாம், வீட்டில் எல்லோரும் சம்மதித்தால். பத்துப் பன்னிரண்டு ஆண்டுப் பொறுப்பு, அது ஒன்பது வயதுக்காரியின் பொறுப்பாக இருக்க முடியாது, பெற்றோருடையதுதான். ஆனால் தெருவிலேயே வளர்ந்த நாய்க்கு நாலு சுவர் எப்போதும் பரிசு அல்ல. நாய்க்குட்டி மனிதரோடும் வீட்டுச் சத்தங்களோடும் சுலபமாகப் பழகும் காலம் பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் வரை. அதன் பிறகு பழகாது என்றில்லை, நாளாகும். கதவைப் பிராண்டும், கட்டினால் அழும், தெருவில் அதன் கூட்டாளிகள் இருப்பார்கள். மெல்ல, கதவைத் திறந்தே வைத்துப் பாருங்கள். உள்ளே வந்து படுக்கிறதா, வெளியே போகிறதா என்று நாயே சொல்லிவிடும்.

கடைசிப்பெஞ்சு:

ஒரு செய்தி சொல்ல வந்தேன். ரேபிஸ் ஊசியும் புழு மருந்தும் முடிந்தது, கழுத்துப்பட்டை போட்டாயிற்று. சாக்பீஸ் டீச்சர் சொன்னபடி பந்து வாங்கிக் கொடுத்தேன். பக்கத்துச் சந்திலிருந்து ஒரு அண்ணனும் தங்கையும் வந்தார்கள். வந்ததும் முதல் வேலையாகச் சண்டை. அவர்கள் அந்த நாயை ரொம்ப நாளாகவே "புலி" என்றுதான் கூப்பிடுகிறார்களாம், இவள் எப்படி மேஸ்திரி என்று மாற்றலாம் என்று அந்தப் பையன் கேட்டிருக்கிறான். நாய் இரண்டு பெயருக்கும் வாலாட்டித் தொலைக்கிறது. மகள் முகம் சிவக்க வீட்டுக்கு வந்து, சாப்பாடு முடியும்வரை அந்தப் பையனைத் திட்டித் தீர்த்தாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு குழந்தையைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். நான் போய் அந்தப் பையனிடம் பேசட்டுமா?

சாம்பல்நிலா:

போகவே போகாதீர்கள்! சண்டையை அவளே முடிக்கட்டும்.

சாக்பீஸ்:

நாளைக்கு மறுபடி வருவான் பாருங்கள், பெயரை நிலைநாட்ட.

இரண்டுபிள்ளைக்காரி:

எனக்கும் சந்தோஷம்தான் சகோ, உண்மையாகச் சொல்கிறேன். ஆனால் இப்போது மூன்று குழந்தைகள். அந்த இரண்டு பேருடைய பெற்றோருக்கு விஷயம் தெரியுமா? திட்டு விழாது என்ற வாக்கு அவர்கள் வீட்டிலும் இருக்கிறதா? நாய்க்கு ஊசி போட்ட தேதி, அடுத்த தேதி, கடித்தால் எந்த மருத்துவமனை என்று ஒரு தாளில் எழுதி அவர்களிடமும் கொடுங்கள். நாயைக் கண்டாலே ஒதுங்கும் என் பிள்ளை மாதிரி யாராவது அந்த வழியில் இருக்கிறார்களா என்றும் கேட்டுப் பாருங்கள், விளையாடும்போது பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

கடைசிப்பெஞ்சு:

நியாயம் அக்கா, நாளைக்கே போய்ப் பேசுகிறேன். டாக்டர், கருத்தடைக்கு நாள் குறித்தாயிற்று. மகள் கூட வரவேண்டும் என்கிறாள், அந்த அண்ணன் தங்கையும்தான். கூட்டிப்போகலாமா?

மாட்டுவண்டி_டாக்டர்:

முதலில் காதைப் பாருங்கள். கருத்தடை ஆன தெருநாய்க்குப் பல இடங்களில் ஒரு காது நுனியைச் சிறிதாக வெட்டி அடையாளம் செய்வார்கள். மடிந்த காது என்றால் விரித்துப் பாருங்கள், ஏற்கெனவே ஆகியிருந்தால் வேலை மிச்சம்.

நாயைப் பிடிக்கும்போது பிள்ளைகள் வேண்டாம். பிடிபட்ட பயத்தை அது பக்கத்தில் நின்றவர்கள் மேல் ஏற்றி வைத்துக்கொள்ளும். வண்டியில் ஏற்றிய பிறகு வரலாம், அறுவை அறைக்கு வெளியே உட்காரலாம். முடிந்ததும் காயம் ஆறும்வரை பத்துநாள் ஓட்டம், பந்து எதுவும் கூடாது, அதன் பிறகு எடுத்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும்.

அறுவைக்கு முந்தின இரவிலிருந்து வயிறு காலியாக இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் என்று உங்கள் மருத்துவர் சொல்வார். இதை உங்கள் மகளிடம் மட்டுமல்ல, அந்தச் சந்தில் நாயைத் தெரிந்த அத்தனை பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். பாவம் பசிக்குமே என்று ஒரே ஒருத்தர் ரகசியமாக ஏதாவது கொடுத்துவிட்டாலும் மயக்க மருந்து போட முடியாது, வேறு நாள்தான் வாங்க வேண்டும்.